கணினிக் கேள்வி பதில்: ‘கே’ போட்டதா, போடாததா?

சென்ற இதழில் கணினியின் மூளையான புரொசசர் வாங்குவது பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால், யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகளில் இப்போது கணினி வாங்கும் கதைதான் நடக்கிறது போலிருக்கிறது. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால், அவர்களுக்குள் வடிவாக எழுதியிருந்த ஒருவருடைய கடிதத்தை மட்டும் முதலில் எடுத்திருக்கிறேன், மற்றக் கேள்விகள் பிறகு வரும். ரூபாக் கணக்கில் விலை எழுதமாட்டேன். இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் டொலர் எங்கே நிற்குமோ! கஸ்தூரியார் வீதியில் ஒருக்கால் இறங்கி நாலு கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகன் ஏ.எல். தொழில்நுட்பப் பிரிவில் படிக்கிறான். வீட்டுக்கு ஒரு கணினி வாங்க வேண்டும். இன்டெல் ஐ5-12600கே தான் வேண்டும், அதை ‘ஓவர்குளொக்’ செய்யலாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். கடைக்காரரோ ஐ3-12100 போதும் என்கிறார். பாடம், புரோகிராமிங், இணைய வகுப்பு, இடைக்கிடை கேம், இவ்வளவுதான் தேவை. யார் சொல்வதைக் கேட்பது? அந்த ‘கே’ எழுத்துக்கு அவ்வளவு பெறுமதியா?
— ஒரு தகப்பன், கோண்டாவில்

விலை கூடியதைத் தலையில் கட்டாமல் குறைந்தது போதும் என்று ஒரு கடைக்காரர் சொல்கிறார் என்றால், ஐயா, அந்தக் கடையை விட்டுவிடாதீர்கள்.

முதலில் அந்த எழுத்தைப் பார்ப்போம். புரொசசரின் வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹேர்ட்ஸ். அதை 43ஆல் பெருக்கினால் 4300, அதாவது 4.3 கிகாஹேர்ட்ஸ், 49ஆல் பெருக்கினால் 4.9. ‘கே’ போடாத இன்டெல் புரொசசரில் அந்தப் பெருக்கும் எண்ணைக் கம்பனி பூட்டி அனுப்புகிறது. ‘கே’ போட்டதில் பூட்டு இல்லை, பயோஸுக்குள் (விண்டோஸ் ஏற முன் திறக்கும் அமைப்புத் திரை) போய் நாங்களே கூட்டலாம். ஓவர்குளொக் என்பது அவ்வளவுதான். ஆனால் கே வாங்கினால் மட்டும் போதாது. புரொசசரைச் செருகும் மதர்போர்டும் இசட் வரிசையில், அதாவது இசட்690 அல்லது இசட்790 ஆக இருக்க வேண்டும். எச்610, பி660 போர்டில் கொண்டுபோய் வைத்தால் கே புரொசசரும் பூட்டினது போலத்தான் இருக்கும். அதோடு கே பெட்டிக்குள் புரொசசரின் சூட்டை இறக்கும் கூலரும் வராது, தனியாக வாங்க வேண்டும். ஐ3-12100 பெட்டியில் கூலர் கூடவே வரும். ஆக, அந்த ஒரு எழுத்துக்கு மூன்று இடத்தில் காசு போகிறது.

வெளிவந்த நேரத்து அமெரிக்க விலையைச் சொல்கிறேன், விகிதம் விளங்கும். ஐ3-12100க்கு 122 டொலர். ஐ5-12600கே 289 டொலர். போர்டையும் கூலரையும் சேர்க்க முன்னரே இரண்டு மடங்குக்கு மேல்.

அந்தக் காசுக்கு என்ன கிடைக்கிறது? 12100இல் நாலு கோர் (கணக்குப் போடும் தனித்தனிப் பகுதி), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை), உச்ச வேகம் 4.3. 12600கேயில் ஆறு பெரிய கோர், நாலு சிறிய கோர், மொத்தம் பதினாறு திரெட், உச்ச வேகம் 4.9. கோர் கணக்கில் வித்தியாசம் பெரிது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் மகன் நாள் முழுக்கச் செய்யப்போகும் வேலைகளில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு கோரிலேயே ஓடி முடிபவை. பிரவுசர் ஒரு பக்கத்தை விரிப்பது, எக்ஸெல் ஒரு தாளைத் திறப்பது, அவன் எழுதுகிற பைதன் புரோகிராம், எல்லாம் அப்படித்தான். அந்த இடத்தில் வித்தியாசம் 4.3க்கும் 4.9க்கும் உள்ளதுதான். நூற்றுக்குப் பதினாலு. இரண்டு செக்கனில் திறக்கிற பக்கம் ஒன்றே முக்கால் செக்கனில் திறக்கும். அதுகூட, இணையம் ஒழுங்காக வந்தால். எங்கள் ஒழுங்கையில் மழை பெய்தால் அந்தக் கால் செக்கன் எங்கே போனது என்று தேட வேண்டியதுதான்.

“அதற்கு மேலே ஓவர்குளொக் செய்வேன்” என்பான். அவனுக்காகக் கொஞ்சம் பழங்கதை.

1998இல் இன்டெல் செலரோன் 300ஏ என்று ஒன்றை விட்டது. 300 மெகாஹேர்ட்ஸ், மலிவுச் சாமான். அதற்கு அடிப்படைத் துடிப்பு 66. போர்டில் அதை 100 ஆக மாற்றிவிட்டால், அதே செலரோன் 450இல் ஓடும். விலை கூடிய ‘பென்டியம் 2’ புரொசசருக்குப் பக்கத்தில் போய் நிற்கும். நான் வெள்ளவத்தையில் ஒரு சின்ன அறையில் இருந்து படித்த காலத்தில் என் கையாலேயே செய்தேன். மலிவு விலைக்கு நூற்றுக்கு ஐம்பது வேகம் சும்மா கிடைத்தது. அன்றிரவு நித்திரை வரவில்லை. 2011இல் ஐ5-2500கே வந்தபோதும் நல்ல இலாபம். உச்சம் 3.7 என்று எழுதியிருந்தது, நல்ல கூலர் போட்டால் 4.5 சாதாரணமாக வந்தது.

இப்போது அப்படி இல்லை. தேங்காய் துருவி முதற்பால், இரண்டாம்பால் எல்லாம் கம்பனியே பிழிந்துவிட்டுத்தான் சக்கையைப் பெட்டியில் போட்டு அனுப்புகிறது. ‘டர்போ’ என்று பெட்டியில் எழுதியிருப்பது வேறொன்றுமில்லை. சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கும் வரை புரொசசர் தன்னைத்தானே ஓவர்குளொக் செய்துகொள்கிறது. 12600கேயில் 4.9க்கு மேலே பாடுபட்டு 5.1 எடுக்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் 5.2. நூற்றுக்கு நாலு, ஐந்து, ஆறு. மூன்றாம்பால் எடுப்பதற்காக இசட் போர்டும் பெரிய கூலரும் வாங்க வேண்டுமா?

சூட்டுக் கணக்கு இன்னும் மோசம். புரொசசர் இழுக்கும் மின்வலு வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு வர்க்கமாகவும் கூடும். வேகத்தைப் பத்து வீதம் கூட்ட வோல்டேஜையும் பத்து வீதம் கூட்ட வேண்டி வந்தால், 1.1ஐ மூன்று தரம் பெருக்கிப் பாருங்கள்: 1.33. பத்து வீத வேகத்துக்கு முப்பத்துமூன்று வீதச் சூடு. குளிர் நாட்டில் அறையைச் சூடாக்க உதவும். சித்திரை மாதம் கோண்டாவிலில் அந்தச் சூட்டை என்ன செய்வது?

சித்திரை என்றதும் என் வண்டவாளத்தையும் சொல்லிவிடுகிறேன். 2012. ஒரு ஸ்டூடியோவுக்கு நான்தான் 2500கே போட்டு 4.5க்கு ஏற்றிக் கொடுத்தேன். மார்கழியிலும் தையிலும் பேய் மாதிரி ஓடியது. ஸ்டூடியோக்காரர் என்னைக் கண்டால் தேத்தண்ணி வாங்கித் தராமல் விடமாட்டார். சித்திரையில் ஒரு கலியாண வீடு. மாப்பிள்ளை கனடா, ஞாயிற்றுக்கிழமை பிளேன். வெள்ளி இரவு வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால் எழுபது, எண்பது வீதத்தில் கணினி விழுந்து நீலத் திரை. திரும்பப் போட்டால் திரும்ப நீலத் திரை. இரவு பதினொரு மணிக்கு எனக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தால் தகரக் கூரை அறை, பகல் வெயில் இன்னும் இறங்கவில்லை. கேசிங்கின் ஒரு பக்கத்தைக் கழற்றிவிட்டு மேசைக் காற்றாடியைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். குளிர் மாதத்தில் ‘நிற்கிறது’ என்று நான் சோதித்த வோல்டேஜ் அந்தச் சூட்டில் போதாமல் போய்விட்டது. பயோஸுக்குள் போய்ப் பெருக்கும் எண் 45ஐ 42 ஆக்கினேன். விடியப்புறம் நாலு மணிக்கு வீடியோ முடிந்தது. அந்த மூன்று எண்ணால் மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய நேரம் அரை மணித்தியாலம்கூட வராது. அதற்குப் பிறகு, காசு வாங்கிச் செய்கிற எந்த வேலைக்கும் நான் ஓவர்குளொக் செய்து கொடுப்பதில்லை.

மகனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. எழுதியதற்கு மேல் ஒரு சாமானை ஓட வைக்கும் ஆசை எங்கள் ஊரில் பரம்பரை வியாதி. யுத்த காலத்துப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோலுக்கு ஓடும் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். இரண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிப் புகையோடு போனோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துத் தைனமோவைச் சுற்றி ரேடியோக் கேட்டோம். அந்த வம்சத்துப் பிள்ளை பயோஸைத் திறக்காமல் இருப்பானா?

ஆகையால் அவனுக்கு இரண்டு வழி சொல்லுங்கள். ஒன்று, பாடுபட வேண்டாம் என்றால் ஐ3-12100. கையில் இன்னும் கொஞ்சம் இருந்தால் ஐ5-12400: ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 4.4 வரை. இரண்டாவது, கட்டாயம் நோண்டத்தான் வேண்டும் என்றால் ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. அதுவும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட், உள்ளேயே நல்ல கிராபிக்ஸ். ரைசனில் ஒரு சிலதைத் தவிர மற்றதெல்லாம் பூட்டில்லாமலே வருகிறது, ‘கே’ என்று தனிக்காசு இல்லை. ஒரு இடம் மட்டும் கவனம். ஏ320, ஏ520 போர்டுகளில் புரொசசரை ஓவர்குளொக் செய்ய விடாது. பி450, பி550 என்றால் விடும்.

அதில் அவன் வேகத்தை ஏற்றிப் பழகுவதைவிட வோல்டேஜை இறக்கிப் பழகினால் நான் சந்தோஷப்படுவேன். அதே வேகத்தில், எவ்வளவு குறைந்த வோல்டேஜில் ஆடாமல் நிற்கிறது என்று ஒவ்வொரு படியாக இறக்கிப் பார்ப்பது. பயோஸில் ‘கேர்வ் ஒப்டிமைசர்’ என்று இருக்கும். அதே பயோஸ், அதே சோதனை, அதே பொறுமை. ஆனால் சூடு குறைகிறது, காற்றாடிச் சத்தம் குறைகிறது, கரண்ட் நின்றால் யூபிஎஸ் பற்றரி அதிக நேரம் தாங்குகிறது. எங்கள் காலநிலைக்கு இதுதான் வித்தை.

மிஞ்சுகிற காசை எங்கே போடுவது? ராம் (வேலை நேர நினைவகம்) 16 ஜிபி, ஒரே தட்டாக இல்லாமல் 8, 8 ஆக இரண்டு. இது முக்கியம். டிடிஆர்4-3200 ஒற்றைத் தட்டில் செக்கனுக்கு 25.6 ஜிபி, இரண்டு போட்டால் 51.2. 5600ஜி போல உள்ளே கிராபிக்ஸ் இருக்கும் புரொசசருக்குக் கிராபிக்ஸ் நினைவகமும் அந்த ராம்தான். ஒற்றைத் தட்டோடு கேம் விளையாடிவிட்டு “ஏஎம்டி சரியில்லை” என்று வந்தவர்களுக்கு இரண்டாவது தட்டைச் செருகிக் காட்டியிருக்கிறேன். பிறகு 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சேமிப்பு. பிறகு நல்ல பெயருள்ள பவர் சப்ளை. பிறகு யூபிஎஸ்.

யூபிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. கடைகளில் விற்கும் 650விஏ யூபிஎஸுக்குள் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பற்றரி ஒன்று. பெருக்கினால் 84 வாட்-மணி. கணக்குக்கு 84 என்றாலும், வேகமாக இழுக்கும்போது பாதி கிடைத்தால் பெரிய காரியம். 12100 முழு மூச்சில் 89 வாட் வரை இழுக்கும், 12600கே 150 வரை, ஓவர்குளொக் செய்தால் அதற்கும் மேல். நியாயமாகச் சொன்னால், சும்மா இணையம் பார்க்கும்போது இரண்டும் இழுப்பது ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் கரண்ட் நிற்பது நாங்கள் சும்மா இருக்கும் நேரம் பார்த்து இல்லையே.

கேம் பைத்தியம் உண்மையாகவே பெரிதென்றால் கே புரொசசருக்குப் போகும் காசைக் கிராபிக்ஸ் கார்டில் போடட்டும். கேமில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

கலியாண வீடு, சாமத்திய வீடு வீடியோ எடிட்டிங் செய்கிறோம். புதுக் கமராவின் 4கே வீடியோ பழைய கணினியில் விக்கி விக்கி ஓடுகிறது. ஐ5-12400எஃப் வாங்கினால் கொஞ்சம் மலிவு என்கிறார்கள். சரியா?
— ஸ்டூடியோ நடத்துபவர், சுன்னாகம்

வேண்டாம். ‘எஃப்’ என்றால் உள்ளே கிராபிக்ஸ் பகுதி வேலை செய்யாது என்று பொருள். “கிராபிக்ஸ் கார்ட் தனியாகப் போடுகிறோம்தானே” என்பார்கள். உங்களுக்கு அந்தப் பகுதி படம் காட்டுவதற்கு அல்ல, அதற்குள் இருக்கும் ‘குயிக் சிங்க்’ என்ற வீடியோ எஞ்சினுக்குத்தான் வேண்டும். சுருக்கிப் பதிந்த வீடியோவை விரிக்கும் வேலையை அது கோர்களிடமிருந்து தன் தலையில் எடுத்துக்கொள்ளும். புதுக் கமராக்களில் 10-பிட் 4:2:2 என்று ஒரு வகைப் பதிவு இருக்கிறது. எச்.265 என்ற சுருக்க முறையில் அப்படிப் பதிந்தால், கமரா கையேட்டில் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் உங்கள் விக்கலுக்குக் காரணம். 12ஆம் தலைமுறை இன்டெலின் (எண் 12இல் தொடங்குபவை) உள் கிராபிக்ஸ் அதை விரிக்கும். நான் மேலே புகழ்ந்த ரைசன் 5600ஜியால் முடியாது. அந்தத் தகப்பனுக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது என்பதற்காகத்தான் உங்கள் கடிதத்தை அதற்குப் பக்கத்திலேயே போட்டேன்.

எஃப் போடாத 12400 எடுங்கள். முடிந்தால் 12500. கோர் எண்ணிக்கை அதே ஆறுதான், ஆனால் 12400இல் அந்த வீடியோ எஞ்சின் ஒன்று, 12500இல் இரண்டு. உங்கள் தொழிலில் நாலு கமராப் பதிவை ஒன்றாக வைத்து வெட்டும்போது அது தெரியும். கே வாங்க நியாயம் உள்ள ஆட்களும் நீங்கள்தான். 12600கேயிலும் அந்த எஞ்சின் இரண்டு, எக்ஸ்போர்ட் பதினாறு திரெட்டையும் வேலை வாங்கும். ஆனால் வாங்கி, வேகத்தைத் தொடாமல் அப்படியே ஓட விடுங்கள். தகரக் கூரைக் கதையை மேலே படித்தீர்கள்தானே.

கோயில் கும்பாபிஷேக மலர் ஒன்று, 180 பக்கம், பாமினி எழுத்துருவில் பேஜ்மேக்கரில் செய்துகொண்டிருக்கிறேன். சேவ் கொடுத்தால் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். என்னுடையது ஐ5 நாலாம் தலைமுறை. என் தம்பி அதை ஓவர்குளொக் செய்து தருகிறேன் என்கிறான்.
— தட்டச்சு நிலையம், நெல்லியடி

தங்கச்சி, தம்பியைத் தடுத்து வையுங்கள். அது கே போடாத ஐ5 என்றால் அவன் கூட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பேஜ்மேக்கர் என்ற அந்தப் பக்க அமைப்பு மென்பொருள் 2001இல் 7.0 வந்ததோடு நின்றுவிட்டது. உங்கள் புரொசசரில் நாலு கோர் இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. ஒரு கோரிலேயே ஓடும், அந்த ஒரு கோரும் பாதி நேரம் சும்மா இருக்கும்.

ஒரு வேலை செய்யுங்கள். சேவ் கொடுத்துவிட்டுத் திரையைப் பார்க்காமல் கேசிங்கின் முன்பக்கம் பாருங்கள். சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று நிற்காமல் எரிந்துகொண்டிருக்கும். காதைக் கிட்டக் கொண்டுபோனால் கறகற என்று அரிசி அரிப்பது போல ஒரு சத்தம். ஹார்ட் டிஸ்க் உள்ளே சுற்றிச் சுற்றித் தேடும் சத்தம் அது. இங்கொன்று அங்கொன்றாகத் துண்டு துண்டாகத் தேடும்போது ஹார்ட் டிஸ்க் செக்கனுக்கு நூறு தரம் போய் வந்தாலே பெரிது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி பல்லாயிரம் தரம் போய் வரும். 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, விண்டோஸையும் மலர் வேலையையும் அதற்கு மாற்றுங்கள். பழைய டிஸ்க்கை உள்ளேயே பிரதி எடுத்து வைக்க விடுங்கள். தேத்தண்ணிக்கு நேரம் கிடைக்காது.

மலர் முடியும் வரை ஒன்றையும் கழற்ற வேண்டாம். கும்பாபிஷேகம் முடிந்த மறுநாள் செய்யுங்கள்.

‘ஐ7, 16 ஜிபி’ என்று பழைய கம்பனிக் கணினி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. புது ஐ3ஐவிட ஐ7 மேல்தானே?
— சாவகச்சேரி

எத்தனையாம் தலைமுறை ஐ7 என்று கேட்டீர்களா? நீங்கள் அனுப்பிய படத்தில் ஐ7-4770 என்று ஒட்டியிருக்கிறது. 2013இல் வந்தது. நாலு கோர், எட்டு திரெட், 3.9 வரை. ஐ3-12100உம் நாலு கோர், எட்டு திரெட்தான். ஆனால் ஒரு துடிப்புக்குள் அது செய்து முடிக்கும் வேலை மிகக் கூட. ஒற்றைக் கோர் வேகத்தில் ஒன்றரை மடங்குக்குக் குறையாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே முறைப்படி ஏறாது. அரைவாசி விலைக்குத் தந்தால், லினக்ஸ் போடும் எண்ணம் இருந்தால், எடுங்கள். ‘ஐ7’ என்ற ஸ்டிக்கருக்காக எடுக்க வேண்டாம்.

இன்டெல் 13ஆம், 14ஆம் தலைமுறை பழுதாகும் என்கிறார்களே?
— மானிப்பாய்

எல்லாம் இல்லை. 2024இல் இன்டெலே ஒத்துக்கொண்ட விஷயம்: புரொசசர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு, காலப்போக்கில் தளர்ந்துபோனது. அந்த ஓகஸ்டில் மைக்ரோகோட் (புரொசசருக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தத்தைப் பயோஸோடு விட்டார்கள், பாதிக்கக்கூடிய வகைகளுக்கு உத்தரவாதத்தை இரண்டு வருடம் கூட்டினார்கள். அந்தப் பட்டியலில் இருந்தவை ஐ5இல் கே போட்டவை, ஐ7, ஐ9. ஐ3-13100, 14100 எடுக்கிறவர்கள் பயப்படத் தேவையில்லை. கே வைத்திருப்பவர்கள் இன்றைக்கே பயோஸைப் புதுப்பியுங்கள். கரண்ட் நிற்காத நேரமாகப் பார்த்து.

கேசிங்கைத் திறந்து வைத்தால் சூடு குறையுமா?
— வல்வெட்டித்துறை

உங்கள் ஊரில் கட்டாயம் கூடாது. கடற்காற்று உப்பு மதர்போர்டில் ஏறி, ராம் செருகும் இடத்தில் பச்சை பூக்கும். மூடி வையுங்கள், முன்னால் ஒரு காற்றாடி உள்ளே இழுக்கவும் பின்னால் ஒன்று வெளியே தள்ளவும் இருக்கட்டும். சுன்னாகம், உரும்பிராய்ப் பக்கத்தவர்களுக்கு உப்புக்குப் பதில் செம்மண் தூசி. மாதம் ஒரு தரம் காய்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். வாயால் ஊத வேண்டாம். பல்லி பவர் சப்ளைக்குள் முட்டையிடுவது எல்லா ஊருக்கும் பொது.

மாமா பழைய கணினி ஒன்று தந்தார். உள்ளே பென்டியம் ஜி3258, இசட்97 போர்ட். இது ஓவர்குளொக் செய்யக்கூடியதாம். வீணாகப் போனாலும் பரவாயில்லை என்கிறார் மாமா. செய்து பார்க்கட்டா? நான் பத்தாம் வகுப்பு.
— பெயர் வேண்டாம், திருநெல்வேலி

மேலே முழுக்க வேண்டாம் வேண்டாம் என்று எழுதிவிட்டு உனக்கு மட்டும் செய் என்கிறேன், தம்பி. உன் கையில் இருப்பது பென்டியம் பெயருக்கு இருபது வருடம் ஆனதற்காக 2014இல் இன்டெல் விட்ட விசேஷப் பதிப்பு. இரண்டே கோர், 3.2 கிகாஹேர்ட்ஸ், பெருக்கும் எண்ணுக்குப் பூட்டில்லை. 72 டொலருக்கு விற்றார்கள். மலிவும் ஓவர்குளொக்கும் ஒரே சாமானில் இருந்தது அபூர்வம். இரண்டு திரெட் மட்டும் என்பதால் இன்றைக்கு எவ்வளவு ஏற்றினாலும் யூடியூபும் நாலு ஜன்னலும் சேர்ந்தால் மூச்சு வாங்கும். அது வேறு கதை. பழகுவதற்கு இதைவிட நல்லது கிடைக்காது.

முதலில் கூலரைக் கழற்றி, காய்ந்துபோன, சூடு கடத்தும் பழைய பேஸ்ட்டை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடை. புதுப் பேஸ்ட் ஒரு பயறு அளவு போதும். பெருக்கும் எண் இப்போது 32இல் இருக்கும். 36 ஆக்கு, வோல்டேஜைத் தொடாதே. விண்டோஸ் ஏறினால் பிரைம்95 என்ற சோதனை மென்பொருளை அரை மணித்தியாலம் ஓட விட்டு, சூட்டைப் பார். 80 பாகைக்குள் நின்றால் ஒவ்வொன்றாக ஏற்று. 38, 39, 40. ஒரு இடத்தில் நீலத் திரை வரும். பயப்படாதே, அங்கேதான் பாடம் தொடங்குகிறது. வோல்டேஜை 0.02 கூட்டித் திரும்ப முயற்சி செய். 1.25க்கு மேலே அந்தச் சின்னக் கூலரோடு போகாதே. ஒவ்வொரு படியையும் ஒரு கொப்பியில் எழுது: எண், வோல்டேஜ், சூடு, அறையில் காற்றாடி போட்டிருந்ததா, பகலா இரவா. திரை கறுத்துப்போய் ஒன்றும் வராவிட்டால் பிளக்கைக் கழற்றிவிட்டு, போர்டில் இருக்கும் வட்டப் பற்றரியை ஐந்து நிமிடம் எடுத்து வை. எல்லாம் பழையபடி 32க்கு வந்துவிடும்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது செய்யாதே. செய்து முடித்தபின், எத்தனையில் நின்றது என்று எழுது. என்னுடைய ஜி3258 4.4இல் நின்றது. மார்கழியில்.